பெட்டிக்கு வலப்பக்கம் எது?

ஹரிஸ் பார்க் கடைத்தெருவில் வாங்கிய லட்டு முடிந்துபோய், பெட்டி மட்டும் குசினி மேசையில் கிடந்தது. என் கணவர் அதன் ஒட்டுகளைப் பிரித்து, தட்டையாக விரித்து, பேனாவால் ஒரு சதுரத்தில் முக்கோணமும் அடுத்ததில் ஒரு வட்டமும் வரைந்தார். பிறகு என் முன்னால் இருந்த பயிற்சிப் புத்தகத்தை எட்டிப் பார்த்து, அதில் இருந்தபடியே இன்னொரு சதுரத்தைக் கறுப்பாக்கினார்.

"இப்ப சொல்லும். இதை மடிச்சா இந்த நாலு பெட்டியில எது வரும்?"

நான் கண்ணை மூடி, வாய்க்குள் முணுமுணுத்து, மூன்றாவது என்றேன்.

அவர் மடித்தார். எண்ணெய் ஊறிய அட்டை மெதுவாக நிமிர்ந்து பெட்டியானது. புத்தகத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது மூன்றாவது இல்லை. முதலாவது.

"மூண்டாவது இதைக் கண்ணாடியில பார்த்த மாதிரி இருக்கு," என்றார். "நேற்றும் இப்பிடித்தானே பிழைச்சனீர்?"

நேற்றும் அப்படித்தான். அதற்கு முதல் நாளும்.

பல் மருத்துவப் படிப்பில் சேர நான் எழுதவிருந்த நுழைவுத் தேர்வில் கடைசிப் பகுதி இந்த வடிவக் கணக்குகள். விரித்த அட்டையைக் காட்டி, மடித்தால் எந்தப் பெட்டி என்று கேட்பார்கள். தாளை மடித்து ஓட்டை குத்துவதுபோல் காட்டி, விரித்தால் ஓட்டைகள் எங்கெங்கே என்று கேட்பார்கள். கையில் தாள் தர மாட்டார்கள். எல்லாவற்றையும் தலைக்குள் செய்ய வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியே தேற வேண்டும். உயிரியல், வேதியியல் எல்லாவற்றிலும் தேறி, இந்தப் பெட்டிகளில் மட்டும் நான் இரண்டு முறை விழுந்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தை நான் பத்தாம் வகுப்போடு விட்டவள். விட்டேன் என்பதைவிட, நாட்டில் நடந்த சண்டை எங்களை ஊர் ஊராக நகர்த்தியதில் பள்ளிக்கூடம் எங்கேயோ பின்னால் நின்றுவிட்டது என்பதே சரி. சிட்னிக்கு வந்து, வெஸ்ட்மீட்டில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராகச் சேர்ந்து, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டே பின்னேர வகுப்புகளில் விட்ட படிப்பை எடுத்தேன். அந்தச் சான்றிதழை ஏற்றுக்கொண்டது இங்கே ஒரு பல்கலைக்கழகம்தான். வேறு மாநிலத்துக்குப் போனால் திரும்பவும் முதலில் இருந்து.

வேறு மாநிலம் என்ற பேச்சு வீட்டில் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. கணவர் வேலைசெய்த களஞ்சியம் மூடப்படவிருந்தது. மெல்பேர்ணில், கிரான்பர்னில், அவருடைய அண்ணர் குசினி அலுமாரிகள் செய்யும் பட்டறை வைத்திருந்தார். வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தோம்: மூன்றாம் முறையும் சரிவராவிட்டால் போவது. கணவர் அதை ஒரு மிரட்டலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் பயம். மிரட்டினால் சண்டை பிடித்திருக்கலாம்.

எனக்குக் கவலைப்படக் காரணம் வேண்டியதில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு இறங்கினால் அடுப்பை நிறுத்தினேனா என்று திரும்பி ஏறுகிறவள். ஆனால் இந்த முறை காரணமும் இருந்தது.

"ஒண்டு செய்யும்," என்றார் கணவர். "வாய்க்குள்ள என்னத்தையோ சொல்லுறீர் எல்லே. அதைச் சத்தமாச் சொல்லும்."

அடுத்த கேள்வியைச் சத்தமாகச் செய்தேன். "கறுப்புச் சதுரம் மேல. முக்கோணம் முன்னால. வட்டம் அதுக்கு ரைட்டில." சொல்லிக்கொண்டே விடைகளில் விரலை வைத்தேன்.

"நில்லும், நில்லும். வட்டம் எதில எண்டு சொன்னனீர்?"

"ரைட்டில."

"விரல் எங்க கிடக்கு?"

பார்த்தேன். விரல் இடப்பக்கம் வட்டம் இருந்த பெட்டியின் மேல் கிடந்தது.

"உம்மட வலக்கை எது?"

சரியாகத் தூக்கிக் காட்டினேன், கோபத்தோடு. நான் குழந்தைப்பிள்ளை இல்லை.

"என்ர வலக்கை?"

அதையும் சரியாகக் காட்டினேன்.

"அப்ப பெட்டிக்கு வலப்பக்கம் எது?"

என் விரல் யோசிக்காமல் இடப்பக்கம் போனது. அவர் சிரிக்கத் தொடங்கினார். "இஞ்சேரும், பெட்டி என்ன உமக்கு முன்னால வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்குதோ?"

அவர் பகிடியாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அதுதான் உண்மை. பல் வைத்தியத்தில் ரைட் என்றால் நோயாளியின் வலது. வாயின் படத்தைக் கணினியில் வரைந்திருப்பதும் நோயாளி எங்களைப் பார்த்திருப்பது போலத்தான். அவருடைய வலப்பக்கத்துப் பற்கள் திரையில் இடப்பக்கம் இருக்கும். டொக்டர் "அப்பர் ரைட்" என்று கூப்பிட்டால் என் கை திரையின் இடப்பக்கம் போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதற்காக நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. பேருந்தில் எதிரே இருப்பவர்களின் வாயைப் பார்த்துப் பார்த்துப் பழகினேன். பழகிப் பழகி, ரைட் என்ற சொல் தலைக்குள் விழுந்ததும் எல்லாவற்றுக்கும் ஒரு முகம் முளைத்துவிடுகிறது. லட்டுப் பெட்டிக்கும்.

"அதானே பார்த்தனான்," என்றார் கணவர். "காரில நீர் பாதை சொல்லேக்க நான் ஏன் துலைஞ்சுபோறன் எண்டு."

"கார் வேற. அது உங்கட பிழை."

காரணம் தெரிந்தால் நோய் பாதி மாறினது மாதிரி என்பார்கள். எனக்கு மாறவில்லை. தேர்வுக்கு இருந்தது கொஞ்ச நாள்தான். ரைட்டைத் தமிழில் வலது என்று சொல்லிப் பார்த்தேன். தலை அதை உடனே ரைட் ஆக்கி, ரைட்டை இடப்பக்கம் கொண்டுபோனது. அதனால் பலவந்தமாகத் திருத்த முடிவெடுத்தேன். வேலைக்குப் போகும் வழியெல்லாம் வலப்பக்கத்து மரம், வலப்பக்கத்து வேலி, வலப்பக்கத்துக் கடை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நடந்தேன். பெட்டிக்கு முகமில்லை, பெட்டிக்கு முகமில்லை என்று மந்திரம் மாதிரிச் சொன்னேன். அந்த வாரம் பயிற்சிப் புத்தகத்தில் பிழைகள் குறையத் தொடங்கின. நான் நிம்மதியாகச் சாப்பிட்ட வாரம் அது.

வெள்ளிக்கிழமை, நோயாளி ஒருவர் கதிரையில் சாய்ந்திருந்தார். டொக்டர் மதுரைக்காரி. கை வேகம், வாயும் வேகம். ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போக, நான் திரையில் குறித்துக்கொண்டே போனேன். "அப்பர் ரைட் சிக்ஸ். இது தேறாது. எடுத்துரலாம்."

மேல் வரிசையில் ஆறாம் பல்லைக் குறித்தேன். மரத்துப்போகச் செய்யும் ஊசியை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

ஊசி போடுவதற்கு முன் டொக்டர் எப்போதும் திரையை ஒரு முறை பார்ப்பார். பார்த்தார். ஊசியைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். கையுறையைக் கழற்றாமல் என்னைப் பார்த்த அந்தப் பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. திரையின் வலப்பக்கத்தில் நான் குறித்திருந்தது நோயாளியின் இடப்பக்கத்துப் பல். சொத்தை ஒன்றும் இல்லாத நல்ல பல்.

நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தபடி படுத்திருந்தார். டொக்டர் தானே குறிப்பை மாற்றி, சரியான பல்லை எடுத்து, பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லி, அவரை அனுப்பிவிட்டுத்தான் கதவைச் சாத்தினார்.

"என்னம்மா ஆச்சு உங்களுக்கு? இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட இப்படிப் பண்ணதில்லையே."

சொன்னேன். லட்டுப் பெட்டியில் இருந்து எல்லாவற்றையும். டொக்டர் சுழலும் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார்.

"நான் பார்க்கலைன்னா?" என்றார்.

நான் திரையில் அவர் மாற்றிய குறிப்பைப் பார்த்தேன்.

"இதப் பாருங்க. நீங்க டாக்டராகணும்னுதான் நானும் ஆசைப்படுறேன். ஆனா பரீட்சைக்காக இந்த ரூம்ல இருக்குற ரைட்ட மாத்தாதீங்க. இங்க ரைட்டுன்னா ஒண்ணுதான். டெஸ்ட் முடியற வரைக்கும் நீங்க முன்னாடி டெஸ்க்ல இருங்க. போன் மட்டும் எடுங்க."

அவர் சொன்னது நியாயம். அதனால்தான் அழுகை வந்தது. ரயிலில் வீட்டுக்குப் போகும்போது முழங்காலின் மேல் வைத்திருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடுகிறது. பல் வைத்தியர் ஆவதற்காக, பல் வைத்தியம் கற்றுத் தந்ததையே மறக்க வேண்டுமா? மறந்து தேறினால், பிறகு ஒருநாள் யாருடைய நல்ல பல்லைப் பிடுங்குவேன்? தேறாவிட்டால் கிரான்பர்ன். அண்ணர் எங்களுக்காக அறையொன்றுக்குப் பெயின்ற் அடிக்கிறார் என்று அண்ணி தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

அடுத்த நாள் புத்தகத்தைத் திறக்கவே பிடிக்கவில்லை. கணவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். லட்டுப் பெட்டி இன்னும் மேசையில். சும்மா கையில் எடுத்தேன். ரைட் என்ற சொல் வந்துவிடுமோ என்ற பயத்தில், வட்டம் இருந்த பக்கத்தைப் பார்த்து, "இது யன்னல் பக்கம்," என்றேன். முக்கோணத்தைத் திருப்பி, "இது பிரிட்ஜ் பக்கம்."

யன்னலுக்கு முகமில்லை. பிரிட்ஜ் வாயைத் திறந்துகொண்டு படுப்பதில்லை. யன்னல் எப்போதும் யன்னல் இருந்த இடத்திலேயே இருந்தது.

புத்தகத்தைத் திறந்தேன். வட்டம் யன்னல் பக்கம், கறுப்பு மேலே. சரி. ஓட்டை பிரிட்ஜ் பக்கம், மடிப்பு அடுப்புப் பக்கம். சரி. அந்தப் பக்கம் முழுக்கச் செய்துவிட்டு விடைகளைக் கணவரிடம் நீட்டினேன், நானே பார்க்கப் பயமாக இருந்தது. அவர் வெங்காயக் கண்ணீரோடு பார்த்தார்.

"ஒண்டுதான் பிழை," என்றார். "அதுவும் கண்ணாடிப் பிழை இல்லை. சாதாரணப் பிழை."

சாதாரணப் பிழை என்ற சொல் எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்ததில்லை. ரைட்டை இனி நான் தொடப்போவதில்லை. அது டொக்டரின் அறையிலேயே இருக்கட்டும்.

தேர்வு நடக்கும் கட்டடம் பரமற்றாவில் இருந்தது. ரயில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று முந்திய ஞாயிறே ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அன்றைக்கு மேலே ஏற விடவில்லை. அதனால் ஒன்றை மட்டும் பார்க்க முடியாமல் போய்விட்டது.

காத்திருக்கும் இடத்தில் எல்லோரும் சின்னப் பிள்ளைகள். என் பக்கத்தில் சாம்பல் நிற சுவெட்டர் போட்ட ஒரு பெண்பிள்ளை இருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்து, தமிழ்தானா என்று முகத்தாலேயே விசாரித்துவிட்டு, மரியாதையாகச் சொன்னாள்.

"அன்ரி, பேரண்ட்ஸ் கீழ வெயிற் பண்ணலாம். கஃபே ஒண்டு இருக்கு."

"நான் ரெஸ்ற் எழுத வந்தனான், பிள்ளை."

அவள் கையால் வாயைப் பொத்தினாள். "ஓ மை கோட். சொறி அன்ரி. சோ சொறி."

"பரவாயில்லை. உமக்கும் பயமா இருக்கோ?"

"டோட்டலி, அன்ரி."

பையைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள். கண்ணாடியைக் கழற்றி வாங்கி, அதன் கால்களைக்கூடத் திருப்பிப் பார்த்தார்கள். சோதித்த பெண் என் தாலிக்கொடியைப் பார்த்து ஒரு கணம் யோசித்து, உள்ளே விடும்படி சைகை காட்டினாள். கதவைத் திறந்தார்கள்.

அறையில் யன்னல் இல்லை.

நான்கு பக்கமும் ஒரே வெளிறிய சுவர். வரிசை வரிசையாகக் கணினிகள். பிரிட்ஜ் எங்கே இருக்கப்போகிறது! யன்னல் இல்லாத அறையை நான் ஏன் ஒரு முறைகூடக் கற்பனை செய்யவில்லை? நடக்காதவற்றை எல்லாம் நினைத்து நினைத்துப் பயந்தவள், இதை மட்டும் விட்டுவிட்டேன். கால்கள் மற்றவர்களின் பின்னால் போய்க்கொண்டிருந்தன. என்னை வரிசையின் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் சுவர். மறுபக்கம், சின்னத் தடுப்புக்கு அப்பால், அந்தச் சாம்பல் சுவெட்டர்.

மற்றப் பகுதிகளை எப்படிச் செய்தேன் என்று சொல்லத் தெரியாது. வடிவங்களின் பகுதி திறந்தது. முதல் பெட்டி. முக்கோணம் முன்னால். வட்டம்... ரைட் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நான் உதட்டைக் கடித்தேன். ஒரு பக்கம் தோளில் சுவரின் குளிர் தெரிந்தது. மறுபக்கம் அந்தப் பிள்ளை மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

வட்டம் பிள்ளைப் பக்கம். கறுப்பு சுவர்ப் பக்கம்.

ஒரு பெட்டி திரும்பியது. அடுத்தது திரும்பியது. தாளின் ஓட்டை சுவர்ப் பக்கம் போய், மடிப்பு விரிந்து, பிள்ளைப் பக்கம் வந்தது. ஒருமாதிரி வேகம் பிடித்தேன். திரையின் மூலையில் நேரம் கரைந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்காதே, பெட்டியைப் பார் என்று என்னையே அதட்டினேன்.

பாதியில் அந்தப் பிள்ளை கையைத் தூக்கினாள். கண்காணிப்பாளர் வந்து குனிந்து ஏதோ கேட்டார். அவள் எழுந்து அவருக்குப் பின்னால் வெளியே போனாள்.

மூக்குறிஞ்சும் சத்தம் நின்றது. அவ்வளவுதான். ஆனால் என் தலைக்குள் இருந்த பெட்டி அப்படியே பிடிவிட்டு விழுந்தது. வட்டம் பிள்ளைப் பக்கம் என்றால், பிள்ளை எங்கே? வெளியே போய்விட்டாள். கதவு எந்தப் பக்கம்? எனக்குப் பின்னால். பெட்டியும் பின்னால் திரும்பியது. திரையில் நான்கு விடைகளும் நான்கு முகங்களாக என்னைப் பார்த்து வாயைத் திறந்தன. கிரான்பர்னில் பெயின்ற் அடித்த அறை கண்ணுக்கு முன்னால் வந்தது. என்ன நிறம் என்று அண்ணி சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மெல்லத் தலையைத் திருப்பினேன். மற்றவர்களின் திரையைப் பார்ப்பதாக நினைத்து வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில், கண்ணை மட்டும் கீழே தாழ்த்திப் பார்த்தேன். கதிரை இருந்தது. அவள் எழுந்தபோது கழற்றிய சுவெட்டர் அதன் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கை நிலத்தைத் தொட்டபடி.

கதிரைப் பக்கம் என்றேன். பிறகு, இல்லை, சுவெட்டர்ப் பக்கம். சுவெட்டர் எங்கேயும் போகாது.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது நான் கடைசிக்கு முந்தைய கேள்வியில் இருந்தேன். கடைசிக் கேள்வியை வாசிக்கவே நேரம் இருக்கவில்லை. ஏதோ ஒன்றை அழுத்தினேன்.

வெளியே பெட்டகத்தடியில் அவள் கேட்டாள். "எப்பிடி அன்ரி? அந்த ஃபோல்டிங் பார்ட் சோ ஹார்ட், இல்லையா? எனக்கு வொமிற் வாற மாதிரி இருந்தது. அதான் வெளிய போனனான்."

"சுவெட்டரை விட்டிட்டுப் போனீர், நல்லதாப் போச்சு," என்றேன்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம் அன்ரி, மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவள் தேறினாளா என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி இன்றைக்கும் இடைக்கிடை யோசிப்பேன்.

தேர்வு முடிந்த பிறகும் சில நாள் வேலையிடத்தில் தொலைபேசிதான் எடுத்தேன். டொக்டர் தேர்வைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு காலை, நோயாளி வருவதற்கு முன், கதவில் நின்று, "வாங்க, கை தேவைப்படுது," என்றார். கை கழுவிக்கொண்டு போனேன். நோயாளி கதிரையில் சாய்ந்ததும் அவர் "அப்பர் ரைட்" என்றார். என் கை திரையின் இடப்பக்கம் போனது. இருவரும் அதைப் பார்த்தோம். டொக்டர் அடுத்த பல்லுக்குப் போனார்.

முடிவு ஒரு பின்னேரம் வந்தது. குசினியில், கணவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது. கைபேசியில் வந்ததை வாசித்துவிட்டு, வேறு யாருக்கோ வரவேண்டியதோ என்று மேலே போய்ப் பெயரைப் பார்த்தேன். பிறகு திரும்ப வாசித்தேன். வடிவங்களின் பகுதியில் எல்லையை மயிரிழையில் தாண்டியிருந்தேன். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது.

கணவர் மீன் கையோடேயே அண்ணருக்கு அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணை, நாங்கள் வரேல்லை. அவ எடுபட்டிட்டா."

அந்தப் பக்கம் அண்ணியின் குரல் கேட்டது. "அப்ப பெயின்ற் அடிச்ச அறையை நாங்கள் என்ன செய்யிறது?"

"அண்ணை குறட்டை விடுறார் எண்டு சொல்லுவியள் எல்லே. அங்க படுக்க விடுங்கோ."

"அடி வாங்குவாய்," என்றார் அண்ணர். குரலில் ஏமாற்றம் இருந்தது, சிரிப்பும் இருந்தது. "அவவிட்டச் சொல்லு. என்ர கடைவாய்ப் பல்லொண்டு கனகாலமா நோகுது. படிச்சு முடிக்கிறவரைக்கும் பொறுத்திருக்கிறன்."

"எந்தப் பக்கம் எண்டு கேளுங்கோ," என்றேன் நான், பழக்கதோஷத்தில்.

கணவர் என்னைப் பார்த்தார். அழைப்பை வைத்துவிட்டு மீனுக்குத் திரும்பினார். இடம் கிடைத்த சந்தோசம் இன்னும் உடம்புக்கு வந்து சேரவில்லை. படிப்புக்குள் இன்னும் எத்தனை பெட்டிகள் இருக்குமோ என்ற யோசனைதான் முந்திக்கொண்டு வந்தது.

"அந்தச் சின்னக் கத்தியை எடும்," என்றார். "வலப்பக்கம் கிடக்கு."

"ஆருடைய வலப்பக்கம்?"

அவர் செதில் ஒட்டிய கையைத் தூக்கியபடி ஒரு கணம் நின்றார்.

"பிரிட்ஜ் பக்கம்," என்றார்.